மருந்துப் பெட்டி - 14: கத்தியை விட ஊசி

போன வாரம் மயஸ்தீனியா கிராவிஸ் பார்த்தோம் இல்லையா? (புதுசா வர்றவங்களுக்கு: நரம்பு சொல்றதைத் தசை கேட்கும் இடத்தை உடம்போட எதிர்ப்பு சக்தியே கெடுத்துடுது.) அறைத்தோழனோட அம்மாவுக்கு இதே நோய். இப்போ பித்தப்பையில் கல், ஊர்ல ஆபரேஷன்னு தேதி குறிச்சிட்டாங்களாம்.

கத்தி இல்லைங்க பிரச்சனை, மயக்க மருத்துவர் போடும் ஊசி. தசையைத் தளர்த்தும் ரோகுரோனியம் வழக்கமான அளவில் போட்டாலே இவங்களுக்கு ரொம்ப அதிகம். மிச்சமிருக்கும் கொஞ்ச நஞ்ச ஏற்பிகளையும் அடைச்சிடும். சக்சினைல்கோலின் நேர் எதிர், கூடுதலாப் போட்டாத்தான் வேலை செய்யும். (பரீட்சையில கட்டாயம் கேட்பாங்க!) ரோகுரோனியத்தை மடக்கிப் பிடிக்கும் சுகமடெக்ஸ் ஐரோப்பாவில் 2008-லயும் அமெரிக்காவில் 2015-லயும் அனுமதி வாங்கினது பெரிய நிம்மதி. ஆனா அது மருந்தைத் தான் விலக்கும், நோயை இல்ல.

எனக்கு பயமே ஆபரேஷனுக்கு அப்புறம் தான். குழாயை எடுத்தப்போ நல்லா மூச்சு விட்டவங்க சில மணி நேரத்துல சோர்ந்து போகலாம். வார்டுல விஷயம் தெரியாம ஜென்டாமைசினோ மெக்னீசியமோ ஏத்தினா இன்னும் மோசம்.

அவன்கிட்ட சொன்னது இது தான்: மாத்திரைச் சீட்டோட மயக்க மருத்துவரை முன்கூட்டியே பாருங்க. ஆபரேஷன் அன்னிக்கு பைரிடோஸ்டிக்மின் போடணுமா, தேவைப்பட்டா வென்டிலேட்டர் இருக்கான்னு கேளுங்க. சாயங்காலம் ஆக ஆக பலம் குறையும் நோய் இது, அதனால காலையில முதல் ஆளா எடுக்கச் சொல்லுங்க. இன்னிக்கு ராத்திரி ஊருக்குப் பேசறான்.

அடுத்த வாரம் தைமஸ்.