பங்களா யாருக்கு?

நம்ம ஊரில் பங்களா என்றால் பெரிய கேட், கூர்க்கா, ஒரு அல்சேஷன் மூன்றும் இருந்தாக வேண்டும். அமெரிக்காவில் அதே வார்த்தைக்கு அர்த்தம், குமாஸ்தா கடன் வாங்கிக் கட்டுகிற சின்ன வீடு! (சிரிக்காதீர்கள், நிஜ வீட்டைத்தான் சொல்கிறேன்.)

வார்த்தை நம்முடையதுதான். வங்காளத்துக் குடிசைக்கு வெள்ளைக்காரன் வராந்தா வைத்துக்கொண்டான். அப்படியே கப்பலேறி, 1900களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் 'கிராஃப்ட்ஸ்மேன்' பங்களா ஆகிவிட்டது. கஸ்டவ் ஸ்டிக்லி என்பவர் 1901-ல் ஆரம்பித்த பத்திரிகையின் பெயர் அது. மெஷினில் செய்த பூவேலை வேண்டாம், தச்சன் கைவேலை தெரிந்தால் போதும் என்பது கொள்கை. தாழ்ந்த கூரை, மறைக்காத சட்டங்கள், வாசலில் தடித்த தூண்கள், உட்கார்ந்து ஊர்க்கதை பேச இடம். அட, பென்னாகரம் பக்கத்து ஓட்டு வீடும் திண்ணையும்தானே சார் இது?

சியர்ஸ் கம்பெனி 1908-லிருந்து வீட்டையே கேட்டலாக்கில் விற்றது. இந்த பங்களாக்களும் அதில் உண்டு. மரம், ஆணி எல்லாம் ரயிலில் வந்து இறங்கும். கட்டிக்கொள்வது உங்கள் பாடு.

பாசடீனா ஊரில் 1908-ல் கிரீன் சகோதரர்கள் கட்டிய காம்பிள் வீடு மட்டும் பணக்கார ரகம். புராக்டர் அண்ட் காம்பிள் குடும்பத்து வீடு. உள்ளே இழைத்து இழைத்துத் தேக்கு. பிற்பாடு வாரிசுகள் விற்க நினைத்தார்கள். பார்க்க வந்தவர்கள், "இந்த மரத்துக்கெல்லாம் வெள்ளை பெயிண்ட் அடித்துவிடலாம்" என்று பேசியிருக்கிறார்கள். அவ்வளவுதான், விற்பனை ரத்து! 1966-ல் வீட்டை நகரத்துக்கே கொடுத்துவிட்டார்கள்.

நம்ம பக்கம் அந்தப் பிரச்னையே இல்லை. பொங்கலுக்குப் பொங்கல் தேக்குத் தூணுக்குப் பச்சை எனாமல் அடித்தாகிவிட்டது.

ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி வீடு (2004 வரை தர்மபுரி மாவட்டம், இப்போது கிருஷ்ணகிரி) நினைவு இல்லமாகத் தப்பித்தது. கவர்னர் ஜெனரல் பிறக்காத வீடுகள் என்ன செய்யும்?

எங்கள் பெரியப்பா வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் அண்ணன் ஜே.சி.பி.க்குச் சொல்லிவிட்டான். தூண்களை மட்டும் காரைக்குடி பழம்பொருள் கடைக்குத் தள்ளிவிடுவதாக ஐடியா. போன ஞாயிறு நான் போய் ஒரு தூணில் மட்டும் உப்புத்தாள் போட்டேன். ஐந்து கோட்டிங்கைத் தாண்டியதும் தேன் கலரில் மரம், அதில் உளி பட்ட தடம்.

போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். "இது நம்ம வீடா?" என்று கேட்டான். ஜே.சி.பி. இன்னும் கேன்சல் ஆகவில்லை. மிச்சம் ஏழு தூண் இருக்கிறது, உப்புத்தாள் வாங்கப் போகிறேன்.