பின்பக்கத்தைப் பார்த்து விலை சொல்கிறவர்கள்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பர் ஒருவரின் வீட்டில் ஒரு பழைய தபால்தலை ஆல்பத்தைச் சுற்றி நாங்கள் மூவர் அரை நாள் உட்கார்ந்திருந்தோம். ஆல்பம் நண்பருடைய தாத்தாவினுடையது. நாகப்பட்டினத்தில் தபால் எழுத்தராக வேலை பார்த்தவர் அவர். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் நீல மையில் வெளியீட்டுத் தேதியைக் குறித்து வைத்திருந்தார். நண்பருக்கு வீட்டின் மேல்தளத்தைப் பழுதுபார்க்கப் பணம் வேண்டும். அவருடைய அக்கா ஆல்பத்தை விற்கவே கூடாது என்கிறார். விற்றால் என்ன கிடைக்கும் என்று தெரிந்தால்தான் அந்தப் பேச்சையே தொடங்க முடியும் என்பதால் எங்களை அழைத்திருந்தார்.

ஆல்பத்தில் விலை சொல்லத்தக்கது ஒன்றே ஒன்று: 1948-ம் ஆண்டின் காந்தி 10 ரூபாய்த் தலை. நாங்கள் போவதற்கு முன்பே நண்பர் அதை இரண்டு வியாபாரிகளிடம் காட்டியிருந்தார். முதலாமவர் தலையை இடுக்கியால் எடுத்தவுடன் காந்தியின் முகத்தைப் பார்க்கவில்லையாம். நேராகத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். அங்கே பழைய ஹிஞ்ச் ஒட்டிய தடம் இருந்தது. “கேட்டலாக் விலையில் மூன்றில் ஒரு பங்கு” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டாமவர் இன்னும் தாராளமானவர். தலையை நீரில் ஊறவைத்து, பழைய பசையைக் கழுவி, புதுப் பசை பூசித் தருவதாகவும், அதற்குப் பின் முழு விலைக்குத் தாமே ஆள் பிடித்துத் தருவதாகவும் சொன்னார். நண்பர் எங்களிடம் கேட்டது இந்த இரண்டாவது யோசனையைப் பற்றித்தான். எங்கள் பதிலை இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

ஹிஞ்ச் என்பதைச் சேகரிப்பில் ஈடுபடாத வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். மெல்லிய கண்ணாடித்தாளின் சிறு துண்டு அது. ஒரு பக்கம் லேசான பசை இருக்கும். அதை இரண்டாக மடித்து, ஒரு மடிப்பைத் தலையின் முதுகிலும் மறு மடிப்பை ஆல்பத்திலும் ஒட்டுவார்கள். கதவின் கீல் போலத் தலையைத் தூக்கிப் பின்னால் பார்க்கலாம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் ஒழுங்கான சேகரிப்பாளர் என்றால் ஹிஞ்ச் வைத்து ஒட்டுகிறவர் என்றுதான் பொருள். தலையை நேரடியாகப் பசை தடவி ஒட்டுகிறவர்களிடமிருந்து அவரைப் பிரித்துக் காட்டியதே இந்தத் துண்டுதான். பிறகு தலையைச் செருகி வைக்கும் ஒளிபுகும் உறைகள் வந்தன. கூடவே ‘ஹிஞ்ச் படாத’ தலைக்குத் தனி விலை என்ற வழக்கமும் வலுத்தது. நாகப்பட்டினத்துத் தாத்தா அவர் காலத்து விதிகளின்படி ஒரு குறையுமில்லாமல் நடந்துகொண்டவர். பின்னால் வந்த விதியின்படி அவர் தலையைக் கெடுத்தவராகிறார்.

நிலையைப் பார்ப்பதே தவறு என்று நாங்கள் வாதிடவில்லை. உலகின் முதல் தபால்தலையான பென்னி பிளாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1840 மே 6 முதல் புழக்கத்துக்கு வந்த அதில் ஆறு கோடியே எண்பது லட்சத்துக்கு மேல் அச்சானது. பெயர் பெரிதென்றாலும் அரிதானதன்று. தாளுக்கு 240 தலைகள், துளைவரிசை கிடையாது, தபால் ஊழியர் கத்தரியால்தான் வெட்டிக் கொடுக்க வேண்டும். தலைகளுக்கிடையே இருந்த இடைவெளியோ மிகக் குறுகியது. ஆகவே நான்கு பக்கமும் வெள்ளை ஓரம் தப்பிய பிரதிக்கும், ஒரு பக்கம் படத்துக்குள்ளேயே கத்தரி பாய்ந்த பிரதிக்கும் விலையில் பல மடங்கு வேறுபாடு. இது நியாயமானது. ஓரம் வெட்டுப்பட்டால் படத்தில் ஒரு பகுதி போய்விட்டது; எஞ்சியது குறைபட்ட படம். அதேபோல வெயிலில் வெளுத்த நிறம், உதிர்ந்த ஓரப்பல், ஹிஞ்சைப் பிய்க்கும்போது தாளின் ஒரு படலமே உரிந்து வந்து ஏற்படும் மெலிவு, மடிப்புக் கோடு, கிழிசல் எல்லாம் உண்மையான இழப்புகள். இவற்றுக்கு விலை குறைக்கிறவரோடு எங்களுக்குப் பிணக்கில்லை.

பசை அப்படியா? பசை தலையின் வேலைக்காக வைக்கப்பட்டது. நாவால் நனைத்து உறையில் ஒட்டியதும் அதன் கடமை முடிந்தது. யாரும் பார்க்காத பக்கத்தில், பயன்படுத்தினால் மறையக்கூடிய ஒரு பூச்சு, இன்று பல தலைகளின் விலையில் பாதிக்கு மேல் தீர்மானிக்கிறது. இந்த மோகம் எந்த எல்லை வரை போகும் என்பதற்கு ஜெர்மனியில் ஒரு கதை உண்டு. 1935-ல் கோனிக்ஸ்பெர்க்கில் நடந்த ஆஸ்ட்ரோபா கண்காட்சிக்காக ஒரு சிறு தாளில் நான்கு தலைகளை வெளியிட்டார்கள். அதன் பசையில் கந்தக அமிலம் கலந்திருந்தது. காலப்போக்கில் அது தாளையே பழுப்பாக்கி, நொறுங்கச் செய்தது. பசையைக் கழுவி எடுத்தால்தான் தாள் பிழைக்கும் என்பது சேகரிப்பாளர் அனைவருக்கும் தெரியும். ஆனாலும் சந்தையில் பசையோடு இருக்கும் பிரதிக்கே கூடுதல் விலை. தன்னை அரித்துத் தின்னும் ஒன்றைச் சுமந்திருப்பதற்காகவே ஒரு தாள் மேலும் மதிக்கப்படுகிறது.

எங்கள் ஊர்களில் இந்த அளவுகோல் இன்னும் கொடுமையாக விழுகிறது. பழைய தலைகளில் பெரும்பாலும் இருப்பது கருவேலப் பிசின் போன்ற இயற்கைப் பசை. காற்றின் ஈரத்தை உறிஞ்சும். வறண்ட, குளிர்ந்த நாடுகளின் அலமாரியில் எழுபது ஆண்டு மாறாமல் இருக்கிற ஒன்று, நாகப்பட்டினத்தின் கடற்காற்றில் இரண்டு மழைக்காலத்துக்குள் பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு துருப்புள்ளிகள் வரும். துரு என்று சொன்னாலும் அது பெரும்பாலும் பூஞ்சையின் வேலை. கேட்டலாக்குகளின் விலை வரிசை இந்தத் தட்பவெப்பத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டதில்லை. இந்தியத் தலைகளை இந்தியாவிலேயே வைத்துக் காப்பாற்றியவருக்கு அதனால் எப்போதும் இரண்டாந்தர மதிப்பெண்.

இனி அந்தத் தலைக்கு வருவோம். சுதந்திரத்தின் முதலாண்டு நிறைவான 1948 ஆகஸ்ட் 15 அன்று காந்தி தலைகள் நான்கு வெளியாயின: ஒன்றரை அணா, மூன்றரை அணா, பன்னிரண்டு அணா, பத்து ரூபாய். ஸ்விட்சர்லாந்தின் கூர்வாசியே அச்சகத்தில் ஃபோட்டோகிரவூர் முறையில் அச்சானவை. (கதரை வலியுறுத்தியவரின் தலை வெளிநாட்டில் அச்சானதைக் கேலி செய்தவர்கள் உண்டு, அச்சின் தரத்தைப் பார்த்தால் எங்களுக்கு அந்தக் கேலியில் மனம் செல்வதில்லை.) ‘பாபு’ என்ற சொல் நாகரியிலும் உருதுவிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. பத்து ரூபாய் என்பது நூற்றியறுபது அணா. ஒன்றரை அணாத் தலைகள் நூற்றுக்கு மேல் வாங்கலாம். ஒரு தபால் எழுத்தர் அதைக் கடிதத்தில் ஒட்டுவதற்காக வாங்கியிருக்க முடியாது. வைத்துக்கொள்வதற்காகவே வாங்கினார். அந்த மாதம் வீட்டில் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று நண்பரின் அக்காவுக்கும் தெரியாது. ஆனால் அப்படி ஏதோ இருந்தது என்று அவர் உறுதியாக நம்புகிறார். விற்க அவர் தயங்குவதற்கு அதுதான் காரணம்.

இந்தத் தலையைச் சுற்றி ஒரு மயக்கமும் உண்டு. இதே பத்து ரூபாய்த் தலையில் ‘சர்வீஸ்’ என்று மேலச்சிட்டு, கவர்னர் ஜெனரலின் அலுவலகப் பயன்பாட்டுக்காக நூறு மட்டும் தயாரித்தார்கள். அப்போது அந்தப் பதவியில் இருந்தவர் ராஜாஜி. அவற்றில் நான்கு ஒன்றாகச் சேர்ந்த வரிசை 2017-ல் ஸ்டான்லி கிப்பன்ஸ் நிறுவனத்தின் மூலம் ஐந்து லட்சம் பவுண்டுக்கு விற்பனையானது. செய்தித்தாளில் அதைப் படித்தவர்கள் காந்தி தலை எதுவானாலும் கோடி என்று எண்ணிக்கொண்டார்கள். சாதாரணப் பத்து ரூபாய்த் தலையின் விலை அதன் அருகில்கூட வராது. சாதாரணத் தலைமேல் ‘சர்வீஸ்’ என்று பொய்யாக அச்சடித்து ஏமாற்றியவர்களும் உண்டு. நண்பரிடம் முதலில் இதைத்தான் சொன்னோம். முகம் சற்று வாடினாலும் கேட்டுக்கொண்டார்.

பசைக்காரர்களின் தரப்பில் ஒரு நல்ல வாதம் இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அச்சகத்திலிருந்து வந்தபடியே மாறாமல் இருப்பதற்கு ஓர் அழகு உண்டு என்பார்கள். பக்கங்கள் வெட்டப்படாத முதற்பதிப்பை நாடும் புத்தகப் பித்தர்களை நம் வாசகர்கள் அறிவார்கள். எங்களுக்கு அந்தப் பித்து இல்லை. பழைய புத்தகக் கடையில் யாரோ ஓரங்களில் பென்சிலால் சண்டை போட்டிருக்கும் பிரதியைத்தான் எடுத்து வருவோம். ஆனால் அவர்களுடைய இன்னொரு வாதத்தை மறுக்க முடியாது: பசை ஒரு சாட்சி. போலித் தலையைக் கண்டுபிடிக்க உதவும் தடயங்களில் அதுவும் ஒன்று. அசல் தலையில் முதலில் தாளுக்குப் பசை பூசி, பிறகுதான் துளையிடுவார்கள். அதனால் தலையைப் பிரிக்கும்போது ஓரப்பல்லின் நுனியில் தாளின் இழைகள் மென்மையாக, பஞ்சுபோலப் பிரிந்து நிற்கும். பின்னாளில் பசை பூசினால், அது அந்த இழைகளுக்குள் ஊறி நுனியை விறைப்பாக்கிவிடும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸும் பொறுமையும் இருந்தால் பெரும்பாலும் பிடித்துவிடலாம். விரல் நுனியால் மெல்லத் தொட்டே சொல்லிவிடுகிற கிழவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம்.

சாட்சி என்று ஒப்புக்கொண்டபின் நண்பருக்கான பதில் தானாகவே வந்துவிடுகிறது. இரண்டாவது வியாபாரி செய்யச் சொன்னது சாட்சியை அழிக்கிற வேலை. தாத்தாவின் ஹிஞ்சுக்கும் இந்தச் சாட்சியத்தில் இடமுண்டு. ஹிஞ்ச் படாத தலைக்கு விலை ஏறிய பிறகுதான் புதுப் பசை பூசும் தொழில் கொழித்தது. பழைய ஹிஞ்சோடு, அதன் அடியில் கலைந்த பசையோடு இருக்கும் தலையில் யாரும் மெனக்கெட்டுப் பொய் செய்திருக்க வாய்ப்பு குறைவு. ஹிஞ்ச் படாத பிரதியை வாங்குகிறவர் பல மடங்கு கொடுத்துவிட்டு, பிறகு நிபுணரின் சான்றிதழுக்கும் கொடுத்துவிட்டு, இரவில் தூங்குவதற்காக இன்னொரு முறை லென்ஸை எடுக்கிறார்.

பின்பக்கம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறவர்கள் உலகின் மிக விலையுயர்ந்த தபால்தலையின் பின்பக்கத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். 1856-ல் அச்சான பிரிட்டிஷ் கயானாவின் ஒரு சென்ட் மெஜந்தா. தெரிந்தவரை உலகில் ஒரே பிரதி. நான்கு மூலைகளும் வெட்டப்பட்டு எண்கோணமாக இருக்கிறது. மேற்பரப்பு தேய்ந்து, முன்பக்கத்தில் தபால் ஊழியரின் இனிஷியலும் கனத்த முத்திரையும் படத்தை மறைக்கின்றன. பின்பக்கத்தில் உரிமையாளர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் அடையாளத்தைப் போட்டு வைத்திருக்கிறார்கள். 2014-ல் சுமார் 95 லட்சம் டாலருக்கு வாங்கிய காலணி வடிவமைப்பாளர் ஸ்டூவர்ட் வைட்ஸ்மன் தம் பங்குக்குக் குதிகால் செருப்பு ஒன்றை அங்கே வரைந்தார். 2021-ல் அது சுமார் 83 லட்சம் டாலருக்குக் கைமாறியது. விலை குறைந்ததற்குச் செருப்புதான் காரணம் என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. 1873-ல் அதைக் கண்டெடுத்த பன்னிரண்டு வயதுப் பள்ளிச் சிறுவன் ஆறு ஷில்லிங்குக்கு விற்றான்.

‘ஒரே பிரதிக்கு எந்த விதியும் பொருந்தாது’ என்பார்கள். சரி. 1854-ல் கல்கத்தாவில் அச்சான நாலணாத் தலையில் விக்டோரியாவின் தலை கீழ்மேலாக அச்சான பிழைப் பிரதிகள் ஒன்றுக்கு மேல் உண்டு. அவற்றிலும் பெரும்பாலானவை எண்கோணமாக வெட்டப்பட்டவையே. அதற்கும் இரண்டாண்டு முன் சிந்து மாகாணத்தில் வெளியான சிந்து டாக்கின் முதல் வடிவம், அரக்குபோன்ற சிவப்பு வில்லையில் அழுத்திய முத்திரை. எளிதில் நொறுங்கும். விரிசலில்லாத சிவப்பு சிந்து டாக் வேண்டும் என்று அடம் பிடிக்கிறவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும். அரிய பொருளிடம் நாம் கேட்பது ‘நீ யார், எங்கிருந்து வந்தாய்’ என்ற கேள்விகளை. மலிவாகக் கிடைக்கும் பொருளிடம் மட்டும் ‘உன் முதுகைக் காட்டு’ என்கிறோம். காந்தி பத்து ரூபாய் இரண்டுக்கும் நடுவில் நிற்பதால் அதன் பாடு திண்டாட்டமாகிவிடுகிறது.

அன்று மாலை நண்பருக்காக நாங்கள் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தோம்: நிறம் முழுமை; படம் சற்றே இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது; ஓரப்பற்கள் குறைவற்றவை; மெலிவோ மடிப்போ இல்லை; அசல் பசை, ஒரு ஹிஞ்ச் தடம்; மேல் வலது மூலையில் கடுகளவு பழுப்புப் புள்ளி; 1948 முதல் ஒரே குடும்பத்தின் கையில் இருந்தது. விற்பதானால் இந்தக் குறிப்போடு, ஆல்பத்தின் அந்தப் பக்கத்தையும் சேர்த்து, ஏலத்துக்கு அனுப்பலாம் என்றோம். முதல் வியாபாரி சொன்ன தொகையைவிட அதிகம் கிடைக்கலாம் என்பது எங்கள் கணிப்பு. இரண்டாமவர் ஆசை காட்டிய தொகை நிச்சயம் கிடைக்காது. அதையும் மறைக்காமல் சொன்னோம்.

குறிப்பின் கடைசி வரியை நண்பரின் அக்கா இரண்டு முறை வாசித்தார். பிறகு, மேல்தளத்துக்கு எவ்வளவு ஆகும் என்று தம்பியிடம் கேட்டார்.