பழைய படகும் புதுப் பூச்சும்

ஒரு பொருள் நிறம் மங்கிற்றென்றால், உடனே அதன்மேல் வேறொரு நிறத்தைப் பூசிவிடுதலே நம்மவர் கண்ட மருந்து. சுவராயினும், வண்டியாயினும், வாயிற்கதவாயினும் எல்லாவற்றுக்கும் ஒரே சிகிச்சைதான். இம்மருந்தால் நோய் தீர்கின்றதா, அன்றி மறைகின்றதா என்று வினவுவார் அரியர். யான் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. கண்ணாடி இழையாற் செய்த பழைய படகொன்று புறம் வெளுத்துப்போனால் யாது செய்வது என்பதே அது. கடலோரத்தான் அல்லாத திருச்சிராப்பள்ளி மாணவன், அதிலும் தமிழ் ஆனர்ஸ் படிப்பவன், படகைப்பற்றி எழுதுவானேன் என்று நண்பர்கள் நகைக்கக்கூடும்.

நகைப்பவர் சற்றே திருவரங்கத்தை நினைப்பாராக. அது காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் தீவு என்பதைப் பேருந்தில் பாலங்கடந்து போகும் நாம் மறந்து விடுகின்றோம். ஆறு மறப்பதில்லை. 1924 ஆம் ஆண்டிலே காவிரியிற் பெருவெள்ளம் வந்தது. 2005 ஆம் ஆண்டிலே நகரின் பல பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. 2018 ஆகஸ்டு 22 ஆம் நாள் இரவில் முக்கொம்பு மேலணையிலே கொள்ளிடத்து மதகுகள் சில உடைந்து நீரோடு போயின. சாலை நீரில் மூழ்கிய நாளில் உதவுவது படகு ஒன்றே. மற்றைய நாட்களிலோ அப்படகு கரையிலே கவிழ்ந்து வெயில் காய்கின்றது. அவ்வெயிலே அதற்குப் பகை.

எவ்வாறெனின், கூறுவேன். கண்ணாடியை மயிரினும் மெல்லிய இழையாக்கிப் பாய்போற் பரப்பி, அதிற் பிசினை ஊட்டி, அடுக்கடுக்காக அச்சிலே படியவைத்து இறுகச் செய்வதே இப்படகு. பைபர் படகு என்பது மக்கள் வழக்கு. யானும் அப்பெயரையே வழங்குவேன். அச்சிலே முதன்முதற் பூசப்படுவது நிறங்கலந்த தனிப் பிசின். அதனை ஜெல்கோட் என்பர். படகு அச்சினின்று வெளிவருங்கால் அதுவே புறத்தோலாய் அமையும். அதன் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்; உள்ளிருக்கும் இழைகளைக் காப்பது இவ்வளவே. ஞாயிற்றின் புறவூதாக் கதிர்கள் நாள்தோறும் பட்டுப்பட்டு, அத்தோலின் மேற்பரப்பிலே பிசினின் பிணிப்பை அறுக்கின்றன. அறுந்தது நுண்பொடியாய் அங்கேயே படிந்து நின்று, ஒளியைச் சிதறச் செய்கின்றது. அதனால் நீலப் படகு சாம்பலாகவும், சிவப்புப் படகு வெளிறிய ரோஜா நிறமாகவும் தோன்றும். ஆனால் நிறம் பெரும்பாலும் ஓடிப்போய்விடவில்லை. பொடியின் கீழே மறைந்திருக்கின்றது.

இதனை யான் நூலிற் படித்தபோது முற்றும் நம்பவில்லை. அம்மா மண்டபத்துக்கு மேற்கே ஆற்றங்கரையில் கவிழ்த்துக் கிடந்த ஒரு படகைக் கண்டபோதுதான் நம்பினேன். சுண்ணாம்பு தெளித்தாற்போல் வெளுத்திருந்தது. “ஒரு கோட் பெயிண்ட் அடித்துவிட்டால் புதுசாகிவிடும், தம்பி” என்றார் அதற்குரிய பெரியவர். உள்ளங்கையால் தடவினேன், கை வெண்பொடியாயிற்று. அவரிடம் அனுமதி பெற்று ஒரு செம்பு நீரை அதன்மேல் ஊற்றினேன். நீர் நின்ற அளவுக்கு ஆழ்ந்த பச்சை நிறம் மேலே வந்தது. நீர் உலரவே மீண்டும் வெளுத்தது. பெரியவர் மறுபடியும் ஒரு செம்பு ஊற்றிப் பார்த்தார். நனைக்குங்கால் நிறம் மீளுமாயின் தோல் இன்னும் உயிரோடிருக்கின்றது என்பதற்கு இதனினும் எளிய சோதனை இல்லை.

நிற்க. நம் முன்னோர் படகை இங்ஙனம் கைவிட்டவரல்லர். கட்டுமரக்காரர் கரைசேர்ந்ததும் கட்டவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே உலர வைப்பர். பலகை வள்ளங்களின் இடுக்குகளிலே பஞ்சும் நாரும் திணித்து, எண்ணெயிற் குங்கிலியங் காய்ச்சிப் பூசுவர். இதற்குக் கலப்பற்றுதல் என்று பெயர். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியில் அச்சொல் இருக்கின்றது. எம் வகுப்பிலே அதன் பொருள் அறிந்தார் ஒருவரும் இல்லை. பட்டினப்பாலை பாடியவர், நெல்லேற்றி வந்த பஃறிகள் தறிகளிலே பிணிக்கப்பட்டு நிற்பதைக் கொட்டிலில் நிற்கும் குதிரைகளோடு ஒப்பிட்டார். படகும் தீனியும் தேய்ப்பும் வேண்டிநிற்பதோர் உடைமை என்று அறிந்தவர்க்கே அவ்வுவமை தோன்றும்.

பைபர் படகு வந்தபின் இவ்வெண்ணம் மாறிற்று. 1979 இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம் இவ்வகைப் படகுகளை நம் கடற்கரையிலே ஆராய்ந்து பரப்பியது. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின்னர் நிவாரணமாகப் பல்லாயிரம் பைபர் படகுகள் கரையோரமெங்கும் வந்து சேர்ந்தன. இஃது உளுக்காது, கரையான் அரிக்காது, எண்ணெய் பூச வேண்டாம் என்று மக்கள் கேட்டனர். கேட்டவை மெய்யே. அவற்றினின்று, ‘இதற்கு ஒன்றுமே செய்ய வேண்டாம்’ என்று முடிவு செய்ததுதான் தவறாயிற்று. செயல் ஒழிந்தது, சொல்லும் அகராதிக்குள்ளே போய்விட்டது. தமிழ் மாணவனுக்கு இதில் வருத்தமுண்டு.

இனி, பூச்சின்மேல் எனக்கென்ன பகை என்பீராயின், அது விரிசலை மறைக்கின்றது என்பதே. பலகை இருக்கைகள் பொருந்தும் மூலையிலும், மோதுண்ட முகப்பிலும் விண்மீன் வடிவாகக் கீற்றுகள் தோன்றும். வெளுத்த படகிலே அவை கண்ணுக்குத் தெரியும். எனாமல் பூசிய படகிலே தெரியா. வெள்ளத்திலே ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நடுவாற்றுக்குப் போகும் படகுக்கு, பளபளக்கும் புதுப் பச்சையினும் கண்ணாற் கண்ட கீற்று நன்று அன்றோ? அன்றியும், பொடியின்மேற் பூசிய எனாமல் பொடியைத்தான் பற்றும், படகைப் பற்றாது. சில காலத்தில் அது செதில்செதிலாக உரியும். உரிந்தபின் மீண்டும் பூசுவர். இப்படியே நாலைந்து பூச்சு ஏறிய படகிலே மூலத்தோல் எங்கேயிருக்கின்றதென்று அறிய முடியாது.

இதற்கு மாறான வழியையும் திருவரங்கமே காட்டியது. அரங்கநாதர் கோயிலில் 2015 ஆம் ஆண்டுக் குடமுழுக்கை ஒட்டி நடந்த திருப்பணியிலே, பிற்காலத்தார் ஏற்றிவைத்தவற்றை அகற்றிப் பழைய அமைப்பைக் காட்டுதலே பெரும்பகுதி வேலையாயிருந்தது. அதற்கு 2017 இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. கற்கோயிலையும் காற்றுவாங்கும் படகையும் ஒன்றாக எண்ணுகின்றானே என்று முனியற்க. ஏற்றுவதினும் அகற்றுவது கடினம் என்பது இரண்டுக்கும் பொது.

படகிற் செய்யவேண்டுவது இது. முதலில் சவர்க்காரமும் நன்னீரும் கொண்டு வண்டலையும் பாசியையும் கழுவுக. பழைய மெழுகோ எண்ணெய்ப் பிசுக்கோ இருப்பின் அசிட்டோன் நனைத்த துணியால் துடைக்க. தேய்க்குமுன் மெழுகு பூசுதல் கூடாது. அது பொடியை உள்ளே வைத்து முத்திரையிடுவது போலாம். பின்னர், பெயிண்டர்கள் வாட்டர் பேப்பர் என்று வழங்கும் உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். பொடி மிகுதியாயின் 600 எண்ணுள்ள தாளில் தொடங்கி 800, 1000, 1500 என நுண்மையை நோக்கிச் செல்க. சற்றே மங்கியதாயின் உப்புத்தாளே வேண்டாம். கார்க்கடைகளில் விற்கும் ரப்பிங் காம்பவுண்டு போதும். அவசரக்காரர் மின்பொறியை எடுப்பர். அரை மில்லிமீட்டர்த் தோல் என்பதை அவர் மறத்தலாகாது. விளிம்புகளிலும் மூலைகளிலும் தோல் இன்னும் மெல்லியது. ஆங்குக் கையாலேயே தேய்க்க. இழையின் நெசவு நிழல்போலத் தெரியத் தொடங்கினால் அக்கணமே நிறுத்துக. தேய்த்தபின் காம்பவுண்டு இட்டு மெருகேற்றி, இறுதியில் மெழுகு பூசித் துணியால் துடைத்தால், வெயிலுக்கு அம்மெழுகு ஒரு குடை. அதனை ஆண்டுக்கொரு முறையேனும் புதுப்பித்தல் வேண்டும்.

இவற்றை நிழலிலே செய்க. சுடுவெயிலில் காம்பவுண்டு காய்ந்து கீறும். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்க. உலர்ந்த தூள் மார்புக்குத் தீங்கு. தேய்க்குங்கால் வடியும் பால்போன்ற நீரை ஆற்றிலே விடாமல், மணலிற் சாக்கு விரித்து வடித்தெடுத்தல் வேண்டும். பலர் நீராடும் படித்துறைக்கு அருகிலே இதைச் சொல்லாமல் விடுதல் முறையன்று.

பூச்சே கூடாது என்பது என் கொள்கையன்று. நனைத்தாலும் நிறம் மீளாது, இழை வெளிப்பட்டு, தோல் தேய்ந்தொழிந்த படகுக்குப் பூச்சே கதி. அப்போதும் கீற்றுகளைத் திறந்து பிசினால் அடைத்து, எபாக்சி பிரைமர் இட்டு, இருகலவைப் பாலியூரித்தேன் பூச்சைப் பூச வேண்டும்; சுவருக்குப் பூசி மீந்த எனாமலை அன்று.

“இவ்வளவு பாடெதற்கு? பழையதை எறிந்து புதியது வாங்கலாமே” என்பார்க்கு ஒரு விடையுண்டு. எங்கே எறிவது? இரும்பை உருக்கலாம், மரத்தை அடுப்பிலிடலாம். இறுகிய இப்பிசின் மீண்டும் உருகுவதில்லை. எரித்தால் கரும்புகை எழும். கண்ணாடி இழை எஞ்சும். புதைத்தால் மட்குவதில்லை. மரம் மண்ணாகும் ஊரில், மண்ணாகாத பிணத்தைக் கரையில் விட்டுப்போகின்றோம். எஞ்சியது கூலிக் கணக்கு. ஒரு சிறு படகுக்கு இருவர் சில நாள் உழைப்பும், சில தாளும், ஒரு டப்பா மெழுகும் செலவாகும். அது பூச்சுச் செலவினும் மிகுதியன்று. உழைப்பு மிகுதி, அவ்வளவே. அவ்வுழைப்பிலே படகின் ஒவ்வோர் அங்குலமும் ஒருவர் கையின்கீழ்ப் போகின்றது. கீற்று எங்கே, கொப்புளம் எங்கே என்று அவர் அறிந்து விடுகின்றார். யான் இம்முறையை விரும்புதற்கு நிறத்தினும் இதுவே பெருங்காரணம்.

காலமும் வாய்ப்பானதே. மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. பங்குனி சித்திரையிலே காவிரி மணலாய்க் கிடக்க, படகுகள் வேலையின்றிக் கரையிலே இருக்கும். தேர்வு முடிந்த மாணவரும் அப்போது வேலையின்றியே இருப்பர். கரையிலே மர நிழலுக்குக் குறைவில்லை. வைகாசி பிறக்குமுன் தேய்த்து மெழுகிட்டுவிட்டால், புதுநீர் வருங்கால் படகு ஆயத்தமாயிருக்கும்.