செவ்வாய்க்கு ஆள் எதற்கு?

செவ்வாய்க் கிரகத்துக்கு மனிதனை அனுப்பியே தீரவேண்டும் என்று ஒரு கட்சி கிளம்பியிருக்கிறது. யந்திரம் போய் என்ன சாதிக்கும், மனிதன் கால் வைத்தால்தானே வெற்றி என்று கேட்கிறார்கள். பெண்ணின் ஜாதகத்தில் ஏழில் செவ்வாய் என்றால் காபி கூடக் குடிக்காமல் எழுந்துவிடுகிறவர்களும் இந்தக் கட்சியில் இருப்பதுதான் வேடிக்கை!

கதை எழுதுகிறவன் என்ற முறையில் நான் அவர்கள் பக்கம் இருக்க வேண்டியவன். யந்திரத்துக்குப் பசியில்லை, பயமில்லை, ஊரில் வழி பார்த்திருக்கும் தாயார் இல்லை. அதை வைத்து நாலு பக்கம் எழுத முடியாது. ஆனாலும் சொல்கிறேன்: செவ்வாய்க்கு யந்திரமே போகட்டும்.

இதற்கு நான் கேட்ட ஆட்சேபங்களில் உருப்படியானது ஆர்.கே.பேட்டையில் கேட்டது. அங்கே விசைத்தறிச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தித்தான் எதையும் பேசவேண்டும். தறிக்காரர் ஒருவர் சொன்னார்: "தறி தானாத்தான் ஓடுது, சார். ஆனா பாவுல ஒரு இழை அறுந்தா முடிச்சுப் போட ஆள் வேணாமா? அவ்வளவு தூரத்துல அறுந்தா யார் போடுவாங்க?"

மேடைகளில் முழங்குகிறவர்களின் வாதத்தைவிட இது கெட்டி. ஆகையால் இதற்கே பதில் சொல்கிறேன்.

அந்த ஜில்லாவின் கிழக்குக் கோடியில் பழவேற்காடு ஏரி. ஏரியைத் தாண்டினால் ஸ்ரீஹரிகோட்டா. 2013 நவம்பர் 5-ஆம் தேதி மங்கள்யான் அங்கிருந்துதான் புறப்பட்டது. 11-ஆம் தேதியே இழை அறுந்தது. பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த கலத்தை ஒரு லட்சம் கிலோமீட்டர் உயரத்துக்குத் தள்ளப் பார்த்தார்கள். 78 ஆயிரத்தோடு நின்றுவிட்டது. பெங்களூரில் உட்கார்ந்திருந்தவர்கள் மறுநாளே முடிச்சுப் போட்டு 1 லட்சத்து 18 ஆயிரத்துக்கு ஏற்றிவிட்டார்கள்.

அதைவிடப் பெரிய கண்டம் 2014 செப்டம்பர் 24 அன்று. சுமார் 300 நாள் உறங்கிக் கிடந்த எஞ்சின் செவ்வாயின் அருகே விழித்துக்கொள்ள வேண்டும். அங்கிருந்து ஒரு சேதி வருவதற்கே பன்னிரண்டு நிமிஷம். கூப்பிட்டு யோசனை சொல்ல அவகாசமேது? எந்த இழை அறுந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே அதற்குப் பாடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எஞ்சின் விழித்தது. ஆறு மாதம் உழைத்தால் போதும் என்று அனுப்பிய கலம் 2022 வரை உழைத்தது. அத்தனைக்கும் செலவு 450 கோடி. திட்டத்தை நடத்திய சுப்பையா அருணன் திருநெல்வேலிச் சீமைக்காரர். அவர் இங்கேயேதான் இருந்தார். அதற்காக, போனது வெறும் யந்திரம் என்று சொல்லிவிட முடியுமா?

யந்திரம் மந்தம் என்பது வாஸ்தவம். ஆப்பர்சூனிட்டி என்ற அமெரிக்க வண்டி செவ்வாயில் 14 வருஷத்தில் ஓடியது 45 கிலோமீட்டர்தான். 1972-இல் சந்திரனில் இறங்கிய இருவர் மூன்றே நாளில் ஏறக்குறைய 35 கிலோமீட்டர் வண்டி ஓட்டினார்கள். மனிதன் கெட்டிக்காரன், சந்தேகமில்லை. ஆனால் சந்திரன் மூன்று நாள் பிரயாணம். செவ்வாய்க்கு ஏழெட்டு மாதம். திரும்புவதற்கு இரண்டு கிரகங்களும் வாகாக வரும்வரை அங்கேயே காத்துக் கிடக்கவேண்டும். போய்வர மூன்று வருஷம் ஆகும். நடுவழியில் ஒருவனுக்குக் குடல்வால் வீங்கினால் அந்த முடிச்சை யார் போடுவது?

இன்னொரு சங்கதி. கட்சிக்காரர்கள் இதைப் பேசுவதே இல்லை. யந்திரத்தைச் சூடேற்றித் துடைத்துக் கிருமி போக்கி அனுப்பலாம். மனிதனை அப்படிச் சூடேற்ற முடியுமோ? அவன் தோலிலும் குடலிலும் கோடானுகோடிக் கிருமிகள் டிக்கெட் இல்லாமல் கூடவே போகும். அங்கே உயிர் உண்டா என்பதுதானே நம் கேள்வி? மனிதன் இறங்கிய மண்ணில் பிறகு ஒரு கிருமி அகப்பட்டால், அது செவ்வாயின் பிள்ளையா, நம் வயிற்றிலிருந்து போனதா? எந்தப் பண்டிதர் தீர்ப்புச் சொல்வார்? வேற்றுக் கிரகங்களை அசுத்தப்படுத்தக் கூடாது என்று 1967-ஆம் வருஷத்துச் சர்வதேச ஒப்பந்தத்தில் நம் தேசமும் கையெழுத்திட்டிருக்கிறது.

ககன்யானில் நம்மவர்கள் பூமியைச் சுற்றி வருவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அது 400 கிலோமீட்டர் உயரம். உடம்புக்கு வந்தால் இறக்கிவிடலாம். செவ்வாயில் உயிர் இல்லை என்று யந்திரங்கள் தேடிப் பார்த்துக் கைவிரித்த பிறகு ஆள் அனுப்பும் பேச்சை எடுங்கள், நானும் வந்து உட்கார்ந்து கேட்கிறேன். அதுவரை இன்னொரு யந்திரம். இந்தத் தடவை சக்கரம் வைத்ததாக இருக்கட்டும்.