கதவைத் தட்டிப் பார்த்தோமா? – பள்ளித் தரவுத்தளமும் அதன் கடவுச்சொல்லும்



பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கை வாசிக்கப்படும்போது, முந்நூறு ரிங்கிட் செலவுக்கு ரசீது எங்கே என்று எழுந்து நின்று கேட்கும் பெற்றோர் நம்மிடையே உண்டு. கேட்கத்தான் வேண்டும். அதற்கென்றே கணக்காய்வாளர்களையும் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறோம். ஆனால், பிள்ளைகளின் அடையாள அட்டை எண், பெற்றோரின் மாத வருமானம், கைப்பேசி எண், உதவித்தொகை சேர வேண்டிய வங்கிக் கணக்கு எண் ஆகிய அனைத்தும் ஏதோ ஒரு கணினியில் இருக்கின்றனவே, அந்தக் கணினியின் பூட்டை எவரேனும் இழுத்துப் பார்த்தார்களா என்று ஒருவர் கேட்டு நான் கண்டதில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளியோ, சங்கமோ, மேலாளர் வாரியமோ, டியூஷன் நிலையமோ, எவர் ஒரு தரவுத்தளத்தை வைத்திருந்தாலும் அதன் கடவுச்சொல் வலிமையை ஆண்டுக்கு ஒரு முறையேனும் சோதிக்க வேண்டும். சோதனையில் கண்ட குறையையும் அதைச் சரிசெய்த நாளையும் கணக்கறிக்கையைப் போலவே பெற்றோர் முன் வைக்க வேண்டும்.

'நம் தெலுக் இந்தானில் இருக்கும் ஒரு தமிழ்ப்பள்ளியின் பட்டியலை யார் ஐயா திருடப் போகிறார்கள்?' என்று சிலர் சிரிக்கலாம். திருடுபவன் நம் ஊரைத் தேடி வருவதில்லை. நம் பெயர்கூட அவனுக்குத் தெரியாது. 2002ஆம் ஆண்டு மே மாதம் 'ஸ்பைடா' என்னும் கணினிப்புழு உலகெங்கும் பரவியது. மைக்ரோசாப்ட் எஸ்குவெல் சர்வர் என்னும் தரவுத்தள மென்பொருளில் 'எஸ்ஏ' என்ற தலைமைக் கணக்கு ஒன்று உண்டு. பலர் அதற்குக் கடவுச்சொல்லே வைக்காமல் விட்டிருந்தார்கள். புழு செய்ததெல்லாம் கண்ணில் பட்ட இணைய முகவரிகளையெல்லாம் வரிசையாகத் தட்டி, கடவுச்சொல் இல்லாத கதவு திறந்தால் உள்ளே போனதுதான். பதினைந்து ஆண்டுகள் கழிந்து, 2017ஆம் ஆண்டு சனவரியில், 'மோங்கோடிபி' தரவுத்தளங்களுக்கும் அதே கதி நேர்ந்தது. பூட்டே இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த பல்லாயிரம் தரவுத்தளங்களை அழித்துவிட்டு, 'தரவு வேண்டுமானால் 0.2 பிட்காயின் கொடு' என்று எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். பெரிய நிறுவனம், சிறிய நிறுவனம் என்ற பேதம் அங்கே இல்லை.

நம் நாட்டுச் செய்திகளையும் மறந்துவிடலாகாது. 2017ஆம் ஆண்டு அக்டோபரில், 4 கோடியே 62 இலட்சம் கைப்பேசி இணைப்புகளின் விவரங்கள் கசிந்திருப்பது வெளியானது. நாட்டின் மக்கள்தொகையைவிடவும் பெரிய எண் அது. 2018ஆம் ஆண்டு சூன் மாதத்தில், பெற்றோர் பிள்ளையின் தேர்வு மதிப்பெண்களைப் பார்த்துவந்த 'சாப்ஸ்' முறைமையில் பாதுகாப்பு ஓட்டை இருப்பதாகச் செய்தி வந்ததும், கல்வி அமைச்சு அதைத் தற்காலிகமாக மூடிவைத்தது. இவையெல்லாம் வலுவற்ற கடவுச்சொல்லால் வந்தவை என்று நான் சொல்லவில்லை, ஓட்டைகள் பலவகை. ஆனால் தொலைபேசியில் பேசும் மோசடிக்காரன் நம் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் பிசகாமல் ஒப்பிக்கிறான் என்றால், அவை எங்கோ ஒரு பட்டியலிலிருந்து போனவைதாம்.

பணம் மட்டுமே இங்கே பொருளன்று. துணை உணவுத் திட்டத்தில் எந்தெந்தப் பிள்ளைகள் இலவசமாக உண்கிறார்கள், எந்தக் குடும்பத்தின் வருமானம் எவ்வளவு, எந்தப் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் சிக்கல் இருக்கிறது என்பவையெல்லாம் பள்ளிக்குத் தெரியும். தோட்டங்களை விட்டுப் பட்டணத்துக்கு வந்த குடும்பங்கள் ஆசிரியரை நம்பிச் சொன்னவை அவை. அந்தப் பட்டியல் ஒருநாள் புலனக் குழுக்களில் சுற்றினால், பத்து வயதுப் பிள்ளை மறுநாள் வகுப்புக்கு எந்த முகத்தோடு வரும்?

சரி, வலுவான கடவுச்சொல் என்பது எது? இதற்கு நம் ஊர்ச் சாய்ந்த கோபுரமே நல்ல விளக்கம். 1885இல் எழுப்பப்பட்ட அந்தக் கோபுரத்தை வெளியிலிருந்து எண்ணினால் எட்டு மாடி. உள்ளே போனால் மூன்றுதான். கடவுச்சொற்களிலும் இப்படி உண்டு. ஆங்கிலத்தில் 'பாஸ்வேர்டு' என்ற சொல்லையே எடுத்து, முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக்கி, 'ஏ' இருந்த இடத்தில் மின்னஞ்சல் முகவரியில் வரும் 'அட்' குறியையும், 'ஓ' இருந்த இடத்தில் சுழியத்தையும் போட்டுவிட்டால், பெரிய எழுத்து உண்டு, சிறிய எழுத்து உண்டு, எண் உண்டு, குறியீடும் உண்டு. விதிப்படி எட்டெழுத்து. ஆனால், திருடர்கள் கையில் வைத்திருக்கும் பட்டியல்களில் இது முன்வரிசையில் நிற்கும் சொல். அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனமே 2017இல் வெளியிட்ட வழிகாட்டியில், 'பெரிய எழுத்து, எண், குறியீடு கட்டாயம்' என்பதையும் 'சில மாதங்களுக்கு ஒரு முறை மாற்று' என்பதையும் கைவிட்டு, நீளத்தைப் பார், ஏற்கெனவே கசிந்த சொற்களின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார் என்று சொல்லிவிட்டது.

நம்மவர்களிடம் இன்னொரு பழக்கம் உண்டு: அடையாள அட்டை எண்ணையே கடவுச்சொல்லாக்குவது. கணித ஆசிரியர்கள் இதைச் சற்றுக் கவனிக்கவேண்டும். பன்னிரண்டு இலக்கம் என்றதும் பெரிதாகத் தோன்றுகிறது. முதல் ஆறு இலக்கம் பிறந்த நாள். அது பிறந்தநாள் படங்களோடு முகநூலிலேயே இருக்கிறது. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். பேராக் என்றால் 08. எஞ்சியவை நான்கே இலக்கங்கள். கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. ஆக, கண்டுபிடிக்க வேண்டியவை ஏறத்தாழ ஐயாயிரம் எண்கள். கணினிக்கு அது தேநீர் ஆறுவதற்குள் முடிகிற வேலை. எண்கள் முன்பே கசிந்துவிட்டிருந்தால் அந்த வேலையும் மிச்சம்.

இப்போது சோதனைக்கு வருவோம். 'என்மேப்' என்றொரு கருவி. கோர்டன் லயன் என்பவர் 1997இல் வெளியிட்டது. இன்றும் இலவசமாகக் கிடைப்பது. ('மேட்ரிக்ஸ்' படத்தின் இரண்டாம் பாகத்தில் கதாநாயகி மின்நிலையக் கணினிக்குள் நுழையும்போது திரையில் தெரிவது இதுதான். நம் மாணவர்களிடம் சொன்னால் உடனே காது கொடுப்பார்கள்.) ஒரு கணினியில் எந்தெந்த வாயில்கள் திறந்திருக்கின்றன என்று தட்டிப் பார்ப்பது இதன் அடிப்படை வேலை. வாயில்களுக்கு எண்கள் உண்டு. மைஎஸ்குவெல் தரவுத்தளத்துக்கு வழக்கமாக 3306, மைக்ரோசாப்டின் தரவுத்தளத்துக்கு 1433, போஸ்ட்கிரெஸுக்கு 5432. வெளியே இணையத்திலிருந்து தட்டும்போது இவற்றுள் ஒன்று பதில் சொன்னாலே பாதிக் குறை தெரிந்துவிட்டது. பள்ளி இணையப்பக்கம் தரவுத்தளத்தோடு பேசினால் போதுமே. உலகமே ஏன் அதனோடு பேச வேண்டும்?

அடுத்த படி, இக்கருவியோடு வரும் சிறு நிரல்கள். ஒன்று, கடவுச்சொல்லே இல்லாத கணக்கு உண்டா என்று பார்க்கும். இன்னொன்று, பலரும் வைக்கும் சொற்களின் பட்டியலை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும். எது திறந்ததோ அந்தக் கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும் திரையில் வந்து நிற்கும். முதல் சோதனையை வேண்டாத வேலை என்று எண்ணாதீர்கள். கணினி பழகுவோர் நிறுவிக்கொள்ளும் 'எக்ஸாம்ப்' தொகுப்பில் தரவுத்தளத்தின் 'ரூட்' கணக்குக்குக் கடவுச்சொல் இல்லாமல்தான் வருகிறது. பயிற்சிக்கென்று செய்த தொகுப்பு அது. அதைச் செய்தவர்கள் மீது குறையில்லை. பயிற்சிக்கு நிறுவியதையே நிரந்தரமாக்கி, ஆண்டுக்கணக்கில் மாணவர் விவரங்களை அதில் ஏற்றுவதுதான் குறை.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. ஒன்றும் திறக்கவில்லை என்றால், அந்தப் பட்டியலில் உள்ள சொல் எதுவும் பொருந்தவில்லை என்பது மட்டுமே பொருள். ஆகவே பொதுப்பட்டியலோடு நிறுத்தாமல், பள்ளியின் பெயர், பள்ளிக் குறியீட்டெண், தொடங்கிய ஆண்டு, ஊர்ப்பெயர் ஆகியவற்றையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். வெளிநாட்டுப் பட்டியலில் தெலுக் இந்தான் இல்லாமல் இருக்கலாம். நம்மைக் குறிவைப்பவனுக்கு அது தெரியும். மற்றொன்று: பலமுறை தவறாக முயன்றால் சில தரவுத்தளங்கள் கணக்கைப் பூட்டிவிடும். பள்ளி விடுமுறை நாளில், தரவுக்குப் படி எடுத்துவைத்த பிறகே செய்ய வேண்டிய வேலை இது.

இனி நான் மிகவும் அழுத்திச் சொல்ல வேண்டியது. இக்கருவியைப் பிறர் கணினி மீது ஏவக்கூடாது. 1997ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, அனுமதியின்றி ஒரு கணினிக்குள் நுழைவதற்கு 50,000 ரிங்கிட் வரை அபராதமோ ஐந்தாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கிறது. 'உதவி செய்யத்தான் பார்த்தேன்' என்பது அங்கே எடுபடுமென்று நம்பி ஓர் இளைஞனின் வாழ்க்கையைப் பணயம் வைக்க முடியாது. 2024ஆம் ஆண்டு இணையப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, இத்தகைய ஊடுருவல் சோதனையைப் பிறர்க்குச் சேவையாக வழங்குவோர் உரிமமும் பெற்றிருக்க வேண்டும். கணினியில் கெட்டிக்காரரான முன்னாள் மாணவர் ஒருவர் ஆர்வத்தோடு முன்வந்தால் மகிழ்ச்சிதான். ஆயினும் வாய்வார்த்தையாக 'செய்யப்பா' என்று தலைமையாசிரியரோ சங்கத் தலைவரோ அவரை அனுப்பிவிடுவது அவருக்குச் செய்யும் கேடு. எந்தக் கணினி, எந்த நாள், எந்தச் சோதனை என்று எழுதிக் கையொப்பமிட்ட கடிதம் வேண்டும். வழங்கி வாடகைக்கு எடுத்ததாயின் அதன் உரிமையாளரின் ஒப்புதலும் வேண்டும். அமைச்சின் முறைமைகளை நாம் தொடவே கூடாது. அவற்றைச் சோதிப்பது அமைச்சின் வேலை.

சோதித்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடுமா? பக்கத்து நாட்டைப் பார்ப்போம். 2018ஆம் ஆண்டு சூன் 27 முதல் சூலை 4 வரை, சிங்கப்பூரின் 'சிங்ஹெல்த்' மருத்துவக் குழுமத்திலிருந்து ஏறத்தாழ 15 இலட்சம் நோயாளிகளின் விவரங்கள் களவாடப்பட்டன. பிரதமராயிருந்த லீ சியென் லூங்கின் விவரங்களும் அவற்றுள் அடங்கும். விசாரணைக் குழுவின் அறிக்கை 2019 சனவரியில் வெளிவந்தது. ஊடுருவியவர்கள் பயன்படுத்திக்கொண்ட நிர்வாகிக் கணக்கு ஒன்றின் கடவுச்சொல், நான் மேலே சொன்ன அதே எட்டெழுத்துச் சொல்தான். அதைவிட வருத்தம் தரும் செய்தி இன்னொன்று. நிர்வாகிக் கணக்குகளின் கடவுச்சொற்கள் வலுவற்றவை என்று முன்னதாக நடந்த சோதனை ஒன்று சொல்லியே இருந்தது. சோதனை நடந்தது, அறிக்கை வந்தது; குறைகள் முறையாகக் களையப்படவில்லை. அங்கே ஒழுங்குமுறை ஆணையம் இரு நிறுவனங்களுக்கும் சேர்த்து 10 இலட்சம் சிங்கப்பூர் வெள்ளி அபராதம் விதித்தது.

இங்கே நம் நிலை என்ன? 2010ஆம் ஆண்டுத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிமாற்றங்களுக்கானது; மத்திய, மாநில அரசுகளை அது கட்டுப்படுத்தாது. கட்டணம் வாங்கும் டியூஷன் நிலையத்துக்கு அது பொருந்தும். அரசுப் பள்ளியையும், வணிகம் செய்யாத சங்கத்தையும் அச்சட்டத்தைக் காட்டிக் கேட்க வழியில்லை. அதனால்தான் பொதுக்கூட்டத்தில் கேட்க வேண்டும் என்கிறேன். அபராதம் விதிக்க ஆளில்லாத இடத்தில், எழுந்து நின்று கேட்கும் பெற்றோர்தாம் காவல்.

ஆசிரியர்களுக்கு இது கூடுதல் சுமையன்றோ என்ற முணுமுணுப்பு என் காதில் விழுகிறது. கற்பித்தலைவிட விவரம் பதிவதிலேயே நேரம் போகிறது என்பதை மறுப்பவன் அல்லேன். ஆயினும் இது ஆண்டுக்கு ஓர் அரைநாள் வேலை. அதையும் ஆசிரியர் செய்ய வேண்டியதில்லை. தரவுத்தளம் அமைத்துத் தந்தவரிடம் எழுத்துவழி கேட்டுப் பெறலாம். சரிசெய்வதும் கடினமன்று. வெளியே தெரியும் வாயிலை மூடுவது. பயன்படாத கணக்குகளை நீக்குவது. எஞ்சிய கணக்குகளுக்குக் கணினியே உருவாக்கித் தரும் நீண்ட கடவுச்சொல்லை வைப்பது. அதை மனப்பாடம் செய்ய வேண்டாம். தாளில் எழுதி உறையிலிட்டுத் தலைமையாசிரியரின் இரும்புப் பேழையில் வைத்துப் பூட்டுங்கள். 'தாளில் எழுதாதே' என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள்; கணினித் திரையில் ஒட்டிவைப்பதற்கு அது பொருந்தும். எங்கோ வேறொரு நாட்டில் உட்கார்ந்திருப்பவனால் தெலுக் இந்தானில் உள்ள இரும்புப் பேழையைத் திறக்க முடியாது.

வரும் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கை முடிந்ததும், தலைவரின் அனுமதியோடு நான்கு வினாக்களைக் கேளுங்கள். நம் பிள்ளைகளின் விவரங்கள் எந்தக் கணினியில் உள்ளன? அதன் கடவுச்சொல் யார் யாரிடம் இருக்கிறது. மாற்றலாகிப் போனவர்களிடமும் இருக்கிறதா? கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது? கண்ட குறை எந்தத் தேதியில் களையப்பட்டது? நான்காம் வினாவுக்குத் தேதியைச் சொல்லாமல் 'பார்த்துக்கொள்கிறோம்' என்று விடை வந்தால், அதையும் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.