சேணத்தில் எழுதிய எண் யாருடையது?

போடிக்காரர்களுக்கு எண் படிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏலக்காயைக் கையில் அள்ளி உருட்டிப் பார்த்தே இது 7 மில்லி, இது 8 மில்லி என்று சொல்லிவிடுகிற ஊர் நம்முடையது. சல்லடையில் போட்டுப் பார்த்தால் சொன்னது சரியாகவே இருக்கும். அந்த 8 என்பது காயின் அளவு. வாங்குகிறவர் வாயின் அளவு அல்ல.

ஆனால் குதிரைச் சேணத்தில் இதற்கு நேர்மாறு. அதில் பெரிதாகச் சொல்லப்படும் எண் குதிரையின் அளவு இல்லை, மேலே உட்காருகிறவரின் அளவு. சுமக்கிற ஜீவனுக்கு உரிய அளவு அதே சேணத்தில் எங்கோ ஒரு மூலையில் ஒளிந்திருக்கும். பல சேணங்களில் அதுவும் இருக்காது. இது சின்ன விஷயம் போலத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விவரமாகச் சொல்கிறேன்.

நம் நாட்டில் சேணம் என்றால் கான்பூர். 1860-களில் வெள்ளைக்காரன் தன் படைக்கு வேண்டிய சேணமும் வாரும் செய்ய அங்கே தொழிற்சாலை வைத்தான். அதிலிருந்து வளர்ந்த தொழில் இன்றும் நடக்கிறது. கான்பூர் சேணத்துக்குப் புவிசார் குறியீடும் உண்டு. வெளிநாடுகளுக்கும் அங்கிருந்து போகிறது. பழைய படைச் சேணங்களில் அம்புக்குறி ஒன்று பதித்திருக்கும். அது அரசாங்கச் சொத்து என்பதற்கான அடையாளம். அளவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சவாரிச் சேணத்தில் பொதுவாக மூன்று விதக் குறிகள் இருக்கும். முதலாவது இருக்கை அளவு. சேணத்தின் முன்மேட்டுப் பக்கத்தில் சின்னதாக ஓர் ஆணிக்குமிழ் தெரியும். அங்கிருந்து பின்மேட்டின் நடு உச்சி வரை டேப் பிடித்தால் வருகிற அங்குலம்தான் அது. பெரியவர்களுக்கு 16½, 17, 17½, 18 என்று அரை அரை அங்குலமாக ஏறும். சிறுவர்களுக்கு 15, 16. இதைத் தீர்மானிப்பது உட்காருகிறவரின் தொடை நீளமும் இடுப்பும். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சுக்காரர்களும் சேணத்தைப் பேசும்போது சென்டிமீட்டரை விட்டுவிட்டு அங்குலத்தில்தான் பேசுவார்கள். அதற்கு அவர்கள் சொல் 'பூஸ்', அதாவது கட்டைவிரல். நம் அங்குலமும் விரல்தானே. ஆக, இரண்டு பாஷையிலும் சேணத்தை மனிதன் தன் விரலால் தனக்காக அளந்திருக்கிறான்.

இரண்டாவது குறிதான் குதிரையுடையது. சேணத்துக்குள் மரத்தாலோ இரும்பாலோ ஒரு சட்டம் இருக்கிறது. முன்பக்கம் அது வளைவாகக் குதிரையின் தோள்மேட்டைத் தாண்டி நிற்கும். கழுத்தும் முதுகும் சேருகிற இடத்தில் உயர்ந்து நிற்கிற எலும்பைத்தான் தோள்மேடு என்கிறேன். அந்த வளைவு எவ்வளவு அகலம் என்பதைக் குறுகல், நடுத்தரம், அகலம் என்பதற்கான ஆங்கில முதலெழுத்தாகப் போடுவார்கள். சில ஜெர்மன் கம்பெனிகள் சென்டிமீட்டரில் போடும். இதில் ஒரு வம்பு என்னவென்றால், ஒருவருடைய நடுத்தரம் இன்னொருவருக்குக் குறுகல். எல்லாருக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது.

மூன்றாவது வரிசை எண். மடலைத் தூக்கிப் பார்த்தால் தோலில் பதித்திருக்கும். பலர் இதை அளவு என்று நினைத்து மண்டையைக் குழப்பிக்கொள்கிறார்கள். இது நம் ரேஷன் கார்டு எண் மாதிரி. அந்த ஒரு சேணத்தை அடையாளம் காட்டும், அவ்வளவுதான். செய்த கம்பெனியின் பதிவேடு இருந்தால் அந்த எண்ணை வைத்து எந்த வருஷம், என்ன மாடல் என்று கண்டுபிடிக்கலாம். பதிவேடு இல்லையென்றால் அது வெறும் எண். அங்கவடி மாட்டுகிற இரும்பில் ஒரு பெயர் பொறித்திருந்தால் அதையும் உடனே நம்பக்கூடாது. அது சேணம் தைத்தவர் பெயராக இல்லாமல் இரும்பு செய்தவர் பெயராக இருக்கலாம்.

சேணம் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது 'பதினேழா, பதினேழரையா?' என்றுதான். தன் இருக்கை அளவு தவறினால் அவருக்கு ஒரு மணி நேரம் அசௌகரியம், இறங்கினால் தீர்ந்தது. வளைவின் அகலம் தவறினால் குதிரைக்குத் தோள்மேட்டில் புண். குறுகலாக இருந்தால் இரண்டு பக்கமும் கவ்வும். அகலமாக இருந்தால் சேணம் இறங்கி எலும்பின் மேலேயே உட்கார்ந்துவிடும். குதிரையால் இறங்கி ஓட முடியாது, வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. ஆகவே என் கட்சி இது: சேணத்தில் முதல் எண்ணாகக் குதிரையின் அளவு இருக்க வேண்டும், மனிதனுடையது இரண்டாவதாக வரட்டும்.

இனி நம் மலைக்கு வருகிறேன். டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவழி போட்டுத் தேயிலை இறக்கிய காலம் ஒன்று இருந்தது. 1924 வெள்ளத்தில் மூணாறு ரயில் அடித்துக்கொண்டு போனது. கம்பிவழியும் பின்னால் பழங்கதையாயிற்று. போடிக்கு 1928-ல் ரயில் வந்தது, 2010-ல் நின்றது, 2023-ல் அகலப்பாதையாகத் திரும்பி வந்தது. இத்தனை வந்து போன பிறகும், ரோடு இல்லாத மலைக்கிராமத்துக்கு அரிசி ஏறுவதும் ஏலமும் காப்பியும் இறங்குவதும் பொதிக்குதிரை முதுகில்தான். தேர்தல் வந்தால் தேனி, திண்டுக்கல் மலைகளில் வாக்குப்பதிவு இயந்திரம் குதிரையில் போகிற படம் பத்திரிகையில் தவறாமல் வரும். படத்தில் எல்லாரும் பெட்டியைப் பார்க்கிறோம். பெட்டிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. பெரும்பாலும் மடித்த சாக்கு. சவாரிச் சேணத்திலாவது மூலையில் ஓர் எழுத்து இருக்கும், இதில் அதுவும் இல்லை.

பிரெஞ்சில் சவாரிச் சேணத்துக்கு 'செல்' என்றும் பொதிச்சேணத்துக்கு 'பா' என்றும் தனித்தனிச் சொல் உண்டு. ஒரு பிரச்சினையின் மூலம் எது என்று காட்ட அவர்கள் ஒரு வழக்குச் சொல்வார்கள்: 'செ லா க லு பா ப்ளெஸ்'. பொதிச்சேணம் புண்ணாக்குகிற இடம் அதுதான் என்று பொருள். பொதி உறுத்துகிற இடம் மேலிருந்து பார்ப்பவனுக்குத் தெரியாது, சுமப்பதற்கு மட்டுமே தெரியும் என்பது அதற்குள் இருக்கிற விஷயம்.

சட்டம் இல்லாமல் இல்லை. வண்டி இழுக்கும், பொதி சுமக்கும் விலங்குகளுக்கான விதிகள் 1965-லேயே வந்துவிட்டன. மட்டக்குதிரைக்கு 70 கிலோ, கோவேறு கழுதைக்கு 200, கழுதைக்கு 50 என்று உச்சவரம்பு. ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. சேண வளைவுக்கும் தோள்மேட்டுக்கும் நடுவே போதிய இடைவெளி இல்லாமல் குதிரைக்குச் சேணம் கட்டக்கூடாது என்றுகூட அதில் தனி விதி இருக்கிறது. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு அரிசி மூட்டை 50 கிலோ. பக்கத்துக்கு ஒன்று என்றால் 100. மட்டக்குதிரைக்கு 30 கிலோ கூடுதல்.

நான் எழுத்தராக இருந்தவன். சுமைகூலிப் பட்டியலில் எத்தனை குதிரை, எத்தனை நடை, எவ்வளவு கூலி என்று கட்டங்கள் பார்த்திருக்கிறேன். எவ்வளவு எடை, என்ன சேணம் என்று ஒரு கட்டம் பார்த்ததில்லை. கட்டம் இல்லாததை யாரும் கேட்க மாட்டார்கள். இது அலுவலகம் தெரிந்த எல்லாருக்கும் தெரியும்.

'குதிரைக்காரனே அன்றாடங்காய்ச்சி, அவனிடம் போய்க் கான்பூர் சேணம் வாங்கு என்பீர்களா?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வாங்க வேண்டாம். சாக்குத் துணியில் வைக்கோல் திணித்து நீளமாக இரண்டு தலையணை தைத்து, நடுவில் நாலு விரல் இடைவெளி விட்டுச் சேர்த்துவிட்டால் போதும். சுமை முதுகெலும்பின் இருபக்கச் சதையில் உட்காரும், எலும்பின் மேல் உட்காராது. பொதிச்சேணத்தின் தத்துவமே அதுதான். வளைகிற கம்பி ஒன்றைத் தோள்மேட்டின் மேல் வைத்து அழுத்தி, அந்த வளைவை அட்டையில் வரைந்து வெட்டினால் அதுவே அந்தக் குதிரையின் அளவு. மழைக்காலத்துப் புல் தின்று கொழுத்த முதுகும், கோடையில் வற்றிய முதுகும் ஒன்றல்ல. ஆகையால் வருஷத்துக்கு இரண்டு தடவை அட்டையை வைத்துப் பார்த்து வைக்கோலைக் கூட்டிக் குறைக்கலாம். செலவு ஒரு நாள் கூலிகூட ஆகாது.

மேலே இருப்பவர்கள் செய்ய வேண்டியதும் அதிகமில்லை. கால்நடை மருத்துவர் மலையடிவாரத்துக்கு முகாம் வரும்போது ஒவ்வொரு பொதிக்குதிரைக்கும் அளவெடுத்து, சேணத்தில் பெயின்டால் இரண்டு எண் எழுதட்டும். ஒன்று வளைவின் அகலம், மற்றொன்று ஏற்றக்கூடிய கிலோ. அரசுச் சரக்கு ஏற்றுகிற பட்டியலில் அந்த இரண்டுக்கும் கட்டம் வரட்டும். கிலோவுக்கு ஏற்பக் கூலியைத் திருத்திக் கொடுக்கட்டும். குதிரைக்காரர் வயிற்றில் அடித்துக் குதிரையைக் காப்பாற்றச் சொல்லவில்லை. முதுகில் புண் வந்த குதிரை நாள்கணக்கில் நின்றுவிட்டால் அவருக்குத்தான் முதல் நஷ்டம்.

ஏலக்காயை மில்லி கணக்கில் அளக்கத் தெரிந்த ஊருக்கு, அதை மலையிலிருந்து இறக்கிக் கொடுக்கிற முதுகை ஒரு தரம் அளப்பது பெரிய வேலையா? அடுத்த தடவை குரங்கணிப் பக்கம் போனால், பொதிக்குதிரை நிற்கும்போது சாக்குக்கும் தோள்மேட்டுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிறதா என்று குதிரைக்காரரைக் கேட்டுக்கொண்டு பாருங்கள். நுழையவில்லை என்றால் அவரிடம் அந்த வைக்கோல் தலையணையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.