முனீஸ்வரர் கை அரிவாளும் டிவி போட்டியும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

போன வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு, விளக்கு தாம்பாளம் எல்லாம் புளி போட்டுத் தேய்ச்சுக்கிட்டு இருந்தோம். அப்போ ஆடிப் பூஜைக்கு முனீஸ்வரருக்குப் புது அரிவாள் வாங்குற பேச்சு வந்தது. பழைய அரிவாளோட பிடி ஆடுது, முனையைத் துரு தின்னுடுச்சு. நம்மகூட தொண்டு செய்யுற தம்பி ஒருத்தர் கேட்டார்: "அங்கிள், டிவியில மூணு மணி நேரத்துல கத்தி அடிச்சுக் காட்டுறாங்க. நம்ம கொல்லர் ஐயா மூணு வாரம் கேக்குறாரு, விலையும் கூட சொல்றாரு. ஆன்லைன்ல ஸ்டெயின்லெஸ் தகட்டுல லேசர் வெட்டுன அரிவாள் பளபளன்னு பாதி விலைக்குக் கிடைக்குது. எதுக்கு இவர்கிட்ட போகணும்?"

அந்த இடத்துல எனக்குச் சரியா பதில் வரல. நாலு நாள் யோசிச்சுட்டு இப்போ எழுதுறேன். அந்தத் தம்பி மேல கோபம் இல்லை. பணம் பக்தர்கள் போட்ட பணம், கேட்க வேண்டிய கேள்விதான்.

தம்பி சொன்ன நிகழ்ச்சி 'ஃபோர்ஜ்ட் இன் ஃபயர்'. 2015-ல ஹிஸ்டரி சேனல்ல ஆரம்பிச்சது. நானும் அதுக்கு ரசிகன்தான். நாலு கொல்லர்கள் வருவாங்க. முதல் சுற்றுல பெரும்பாலும் மூணு மணி நேரத்துக்குள்ள கத்தியோட உருவம் அடிக்கணும். அடுத்த சுற்றுல பிடி போடணும். ஒவ்வொரு சுற்றுலயும் ஒருத்தர் வெளியே. மிஞ்சின ரெண்டு பேரும் அவங்கவங்க சொந்தப் பட்டறைக்குப் போய், சில நாள்ல ஒரு பழைய காலத்து ஆயுதத்தைச் செஞ்சு கொண்டு வரணும். ஜெயிச்சவருக்கு 10,000 அமெரிக்க டாலர்.

நல்லதை முதல்ல சொல்லிடுறேன். கொல்லன் வேலைன்னா படிக்காதவன் வேலைன்னு நினைச்ச நம்ம பிள்ளைங்க, இப்போ உலை, சம்மட்டி, பட்டடைன்னு ஆர்வமா பேசுறாங்க. இரும்பு எவ்வளவு அடம் பிடிக்கும்னு அந்த நிகழ்ச்சி மறைக்காம காட்டுது. தோத்தவரையும் கேவலப்படுத்தாம கை குலுக்கி அனுப்புறாங்க. இதெல்லாம் பெரிய விஷயம்.

ஆனா அந்தக் கைத்தொழிலுக்கு அது முழு நியாயம் செய்யுதான்னு கேட்டா, இல்லைன்னுதான் சொல்வேன்.

நான் எஸ்.பி.எம். வரைக்கும்தான் படிச்சவன். ஆனா ஃபேக்டரியில முப்பது வருஷமா இரும்போட பழகுறேன். எஃகை நல்லா சிவக்கக் காய்ச்சி, காந்தம் ஒட்டாத சூட்டைத் தாண்டினதும் எண்ணெயில முக்குவாங்க. அதுக்குப் பேரு தோய்ச்சல். காந்தம் ஒட்டாமப் போற சூடு ஏறக்குறைய 770 டிகிரி செல்சியஸ். தோய்ச்சல் ஆனதும் எஃகு ரொம்பக் கடினமாயிடும், ஆனா கண்ணாடி மாதிரி, கீழே விழுந்தாலே உடையலாம். அதனால மறுபடியும் 200 டிகிரி அளவுல மெதுவா, மணிக்கணக்கா சூடு காட்டணும். அப்போதான் பதம் வரும். டிவியில தோய்ச்சல் பார்க்க அழகா இருக்கும், தீ குபுக்னு எழும்பும். பதம் போடுறதுல பார்க்க ஒண்ணுமே இல்லை. நான் பார்த்த எபிசோடுகள்ல அதை அனேகமா காட்டினதே இல்லை. கத்திக்கு உயிர் அதுலதான் இருக்கு.

நான் பட்ட பாடு ஒண்ணு சொல்றேன். ஒரு தடவை ஆர்டர் அவசரம்னு பதம் போடுற நேரத்தைக் குறைச்சோம். கையெழுத்துப் போட்டது நான்தான். சாமான் வெளியே போறப்போ எல்லாம் அழகா இருந்தது, அளவு சரி, பளபளப்பு சரி. ரெண்டு வாரம் கழிச்சு ஒடிஞ்ச துண்டுகள் பெட்டி பெட்டியா திரும்பி வந்துச்சு. அன்னிலேருந்து, சீக்கிரம் முடிஞ்ச வேலைன்னு யாராவது சொன்னா எனக்கு வயித்துல புளியைக் கரைக்கும்.

அடுத்தது அவங்க வைக்கிற சோதனை. தோல் மாதிரி, சதை மாதிரி செஞ்ச பொம்மையை வெட்டுவாங்க, சில நேரம் செத்த பன்றியையும் வெட்டுவாங்க. ஆரம்ப சீசன்கள்ல அப்புறம் ஒரு நடுவர், இது கொல்லும்னு தீர்ப்பு சொல்வார். கொன்னாத்தான் நல்ல கத்தியா?

அமெரிக்காவிலேயே கத்தி செய்யுறவங்களுக்கு 'அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டி'ன்னு ஒரு சங்கம் இருக்கு. போட்டி நடுவர்கள்ல ஒருத்தரான ஜே. நீல்சனே அதுல மாஸ்டர் பட்டம் வாங்கினவர். அந்தச் சங்கத்தோட முதல் தேர்வு எழுதவே, சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் ஆகணும். ஒரு அங்குலக் கயிறு தொங்கும், ஒரே வீச்சுல அறுக்கணும். பிறகு மரச்சட்டத்தை ரெண்டு தடவை வெட்டி முறிக்கணும். அதுக்கப்புறமும் அதே கத்தி கை முடியைச் சிரைக்கணும். கடைசியா கத்தியை இடுக்கியில வச்சு 90 டிகிரி வளைப்பாங்க, ஒடியக் கூடாது. விளிம்பு கடினமாவும் முதுகு இளக்கமாவும் இருந்தாத்தான் அப்படி வளையும். கொல்லுமான்னு அதுல யாரும் கேக்குறது இல்லை. அந்த நடுவருக்கே தெரிஞ்ச இந்த வளைக்கிற சோதனையை, நான் பார்த்த வரைக்கும், டிவி எடுத்துக்கல. அதுல ரத்தம் இல்லை, பார்க்கிறவங்களுக்குப் பரபரப்பு இல்லை.

எங்க அப்பா கேரித்தீவுல செம்பனைக் குலை வெட்டினவர். சின்ன மரத்துக்குப் பாஹாட், உயர்ந்த மரத்துக்குச் சாபிட். முனை மழுங்கினா சைக்கிள்ல கட்டி எடுத்துக்கிட்டு கொல்லர்கிட்ட போவார், நானும் பின்னாடி உட்கார்ந்து போவேன். கொல்லர் முதல்ல கத்தியைப் பார்க்க மாட்டார். அப்பாவோட கையைப் பார்ப்பார், எந்தத் தோள் வலிக்குதுன்னு கேப்பார். அப்புறம்தான் வளைவைக் கொஞ்சம் கூட்டுவார் குறைப்பார். ஒரே சாபிட் எத்தனையோ தடவை அவர்கிட்ட போய் வந்திருக்கு. டிவியில கொல்லருக்கும் கத்தி பிடிக்கிறவருக்கும் அன்னிக்கு ஒரு நாள்தான் உறவு.

இது நமக்கு வெளிநாட்டுக்காரன் வந்து சொல்லிக் கொடுத்த தொழிலும் இல்லை. ஈரோடு பக்கம் நொய்யல் ஆத்தங்கரையில கொடுமணல்னு ஒரு ஊர். அங்க நடந்த அகழாய்வுல இரும்பு, எஃகு உருக்கின உலைகள் கிடைச்சிருக்கு. மூசையில வச்சு உருக்கி மெதுவா ஆற வைக்கிற தென்னாட்டு எஃகை வெள்ளைக்காரன் 'வூட்ஸ்'னு கூப்பிட்டான். 1820 வாக்குல மைக்கேல் ஃபாரடே, ஸ்டோடார்ட்ங்கிற கத்தி செய்யுறவரோட சேர்ந்து அந்த எஃகை ஆராய்ச்சி செஞ்சார். அந்தப் பெரிய விஞ்ஞானியோட அப்பா ஒரு கொல்லர்! இன்னிக்கும் சிவகங்கை மாவட்டம் திருப்பாச்சேத்தியில பட்டறைகள் நடக்குது, அழகர்கோவில் பதினெட்டாம்படி கருப்பருக்கு நேர்த்திக்கடன் அரிவாள் போகுது. அங்க அரிவாளுக்குக் காவல்னு பேரு. நம்ம முனீஸ்வரர் கையில இருக்கிறதும் அதுதான்.

இனி நம்ம பக்கத்துக் குறை. டிவியைக் குத்தம் சொல்றது சுலபம். நம்ம கோயில்ல கடைசியா கொல்லர் ஐயாகிட்ட வேலை கொடுத்து எத்தனை வருஷம் ஆச்சு? வேலும் அரிவாளும் கடையில வாங்கி மஞ்சள் தடவி வச்சுட்டோம். ஆயுத பூஜைக்கு மெஷினுக்குச் சந்தனப் பொட்டு வைக்கிறோம், ஆயுதம் செய்யுறவரை மறந்துட்டோம். அவர் பட்டறை மூடினா அதுக்கு அமெரிக்கக்காரன் காரணம் இல்லை.

விலை விஷயத்துக்கு வர்றேன். ஆடிப் பூஜையில அருள் வந்தவர் அரிவாள் மேல வெறுங்காலோட ஏறி நிக்கிறார். ரெண்டு பக்கமும் ரெண்டு பேர் பிடிச்சுக்கிறோம். அதுல ஒருத்தன் நான். மேல நிக்கிறவர் உடம்போட எடை என் மணிக்கட்டுல இறங்குறது எனக்குத் தெரியும். தகட்டுல வெட்டுன அரிவாள் அந்த எடையில முறுக்கிக்கிட்டா என்ன ஆகும்? சாமி காப்பாத்தும், உண்மைதான். ஆனா தெரிஞ்சே மட்டமான இரும்பைக் கொடுத்துட்டு சாமி மேல பாரத்தைப் போடக் கூடாது. சும்மா சுவத்துல சாத்தி வைக்கிற அரிவாளுன்னா நான் இவ்வளவு பேசியிருக்க மாட்டேன்.

கொல்லர் ஐயா கேட்ட மூணு வாரத்துக்குக் கணக்கும் கேட்டேன். லோரி ஸ்பிரிங் பட்டை தேடி, விரிசல் இருக்கான்னு பார்த்து எடுக்கணும். அடிக்கணும், தோய்ச்சல் போடணும், பதம் போடணும், கோணல் எடுக்கணும், பிடி மரம் காயணும். கூட சம்மட்டி அடிக்க ஆள் இல்லை, அவருக்கு வயசு எழுபதைத் தாண்டிடுச்சு. பாதி நாள் அதுலயே போகுது.

அதனால என் கருத்து இது. அரிவாளை அவர்கிட்டயே கொடுப்போம், பேரம் பேசாம கொடுப்போம். டிவி பார்த்து ஆசைப்பட்ட தம்பிங்க நாலு பேர் சனிக்கிழமைகள்ல பட்டறைக்குப் போய் சம்மட்டி பிடிங்க. கேள்வி கேட்ட தம்பிகிட்ட நேத்தே பேசிட்டேன். "வர்றேன் அங்கிள், ஆனா வேலை முடிஞ்சப்புறம் இடுக்கியில வச்சு வளைச்சுப் பார்க்கலாமா?"ன்னு கேட்டார். முனீஸ்வரர் அரிவாளை வேணாம்ப்பா, ஐயாகிட்ட கேட்டு ஒரு சின்னப் பாரங் அடிச்சு அதை வளைச்சுப் பார்ப்போம்னு சொன்னேன்.

நிர்வாகத்துல மாற்றுக் கருத்து இருந்தா வெள்ளிக்கிழமை பூஜைக்கு அப்புறம் உட்கார்ந்து பேசலாம். எழுத்துல பிழை இருந்தா பொறுத்துக்கங்க.

முனீஸ்வரர் துணை.